மேடை ஏறுமுன் அரிஸ்டாட்டிலை வலமிருந்து இடமாகப் படியுங்கள்

தொடர்பியல் பாடநூல்களில் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு படம் வந்துவிடும். பேசுபவர், பேச்சு, சந்தர்ப்பம், கேட்போர், விளைவு என்று ஐந்து கட்டங்கள், இடமிருந்து வலமாக ஓர் அம்புக்குறி, அடியில் 'அரிஸ்டாட்டில் மாதிரி' என்று பெயர். பேசுபவரை மையமாகக் கொண்டது, ஒருவழிப் பாதை, பின்னூட்டத்துக்கு இடமில்லை என்று மூன்று வரி எழுதினால் தேர்வில் மதிப்பெண் விழுந்துவிடும். அதோடு அந்தப் படத்தை மறந்தும் விடுவோம்.

கிரேக்கத் தத்துவஞானியான அரிஸ்டாட்டில் அந்தப் படத்தை வரையவில்லை. பேச்சுக்கலை பற்றிய 'ரெட்டரிக்' என்ற தம் நூலில் அவர் சொன்னது மூன்றே மூன்று: பேசுபவர், பேசப்படும் பொருள், கேட்பவர். சொன்ன கையோடு, இந்த மூன்றில் பேச்சின் இலக்கைத் தீர்மானிப்பவர் கேட்பவர்தான் என்றும் எழுதிவிடுகிறார். ஐந்து கட்டமும் அம்புக்குறியும் பிற்காலத்துப் பாடநூல்காரர்கள் செய்தவை. ஆனாலும் 'பேசுபவர் மையம்' என்பதில் ஓர் உண்மை இருக்கிறது. பேச்சு எடுபடாவிட்டால் மைக் சரியில்லை, கூட்டம் சரியில்லை என்று இந்தக் கோட்பாட்டில் தப்பிக்க முடியாது. பொறுப்பு முழுவதும் பேசுபவர் தலையில்.

இரண்டு வாரத்தில் எங்கோ பேசியாக வேண்டும், இதுவரை மேடை ஏறியதே இல்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படத்தைக் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் தயாரிப்பு வேலை எளிதாகிறது என்பது என் அனுபவம்.

அதற்கு முன், அரிஸ்டாட்டில் வாழ்ந்த ஏதென்ஸ் நகரைப் பற்றிக் கொஞ்சம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அங்கே பேச்சு என்பது பிழைப்புக்கே தேவையான திறமை. பினிக்ஸ் குன்றில் மக்கள் அவை கூடும். சில முடிவுகளுக்குக் குறைந்தது 6,000 பேர் வந்திருக்க வேண்டும். "பேச விரும்புவது யார்?" என்று அறிவிப்பாளர் கேட்பார், குடிமகன் எவரும் எழுந்து போகலாம். நீதிமன்றத்தில் உங்கள் வழக்கை நீங்களேதான் பேச வேண்டும். எதிரே 201 பேரோ 501 பேரோ நடுவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். பானையில் நீர் வடியும் வரைதான் நேரம். வசதியுள்ளவர்கள் லைசியஸ் போன்றவர்களிடம் பேச்சை எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அவையில் பேச உரிமை கிடையாது. அரிஸ்டாட்டில் ஸ்டாகிரா என்ற ஊரிலிருந்து 17 வயதில் வந்தவர், அதாவது அவரும் வெளியூர்க்காரர். ஆக, ஆடுகளத்தில் இறங்க அனுமதியில்லாத ஒருவர் கேலரியில் உட்கார்ந்து வருடக்கணக்காக ஆட்டத்தைப் பார்த்து எழுதிய குறிப்புதான் இந்த நூல். ஏதென்ஸின் பெரிய பேச்சாளர் டெமஸ்தனீஸும் அவரும் பிறந்தது ஒரே ஆண்டு, கி.மு. 384. இறந்ததும் ஒரே ஆண்டு, கி.மு. 322. ஒருவர் பேசினார், ஒருவர் பார்த்தார்.

சரி, நம் கதைக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்கு ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். சென்னையில் 24 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மழைநீர் சேகரிப்புக் குழி தூர்ந்து கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதைத் தூர்வார வேண்டும், வீட்டுக்கு 700 ரூபாய் ஆகும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நீங்கள் ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

முதல் படி: விளைவை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

பேசி முடித்து உட்கார்ந்த பிறகு எதிரே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? "மழைநீரின் அவசியத்தை உணர வேண்டும்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். உணர்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். "இந்த மாத இறுதிக்குள் வீட்டுக்கு 700 ரூபாய் தரச் சம்மதித்துக் கை தூக்க வேண்டும்" என்பது விளைவு.

இந்த வாக்கியத்தை எழுதியதும் உங்கள் பேச்சு எந்த வகை என்பதும் தெரிந்துவிடும். அரிஸ்டாட்டில் மூன்று வகை சொல்கிறார். இனி என்ன செய்யலாம் என்று அவையில் பேசுவது ஆலோசனைப் பேச்சு: காலம் எதிர்காலம், கேள்வி நன்மையா தீமையா என்பது. நடந்துபோனதைப் பற்றி நீதிமன்றத்தில் பேசுவது வழக்குப் பேச்சு: கேள்வி நியாயமா அநியாயமா. விழாவிலோ இறுதிச் சடங்கிலோ ஒருவரைப் புகழ்ந்து, சில சமயம் இகழ்ந்து, பேசுவது மூன்றாவது, புகழ்ச்சிப் பேச்சு: அது பெரும்பாலும் நிகழ்காலத்தில் நிற்கும்.

இதைப் பரீட்சைக்கான பட்டியலாக நினைத்து நான் தாண்டிப் போயிருக்கிறேன், அதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன். எங்கள் பிரிவில் ஒருவர் பணி ஓய்வு பெற்ற நாள். இரண்டு வார்த்தை பேசு என்று மைக்கைக் கொடுத்தார்கள். 'இவர் இடத்தை யார் நிரப்புவார்கள்' என்று உருக்கமாகத்தான் ஆரம்பித்தேன். அது அப்படியே காலிப் பணியிடங்களை நிரப்பாதவர்கள் மீதான குற்றச்சாட்டாக மாறி, எட்டு நிமிடம் ஓடியது. மாலையோடு உட்கார்ந்திருந்தவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் புகழ்ச்சிப் பேச்சுக்கான இடத்தில் வழக்குப் பேச்சைப் பேசிவிட்டேன். படத்தில் 'சந்தர்ப்பம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது இதற்குத்தான்.

நம் குழி விவகாரத்திலும் இந்த ஆபத்து உண்டு. "மூன்று வருடமாகச் செயலாளர் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று ஒரு வரி வாயிலிருந்து வந்தால் போதும், ஆலோசனைக் கூட்டம் வழக்கு மன்றம் ஆகிவிடும். செயலாளர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குவார், குழி குழியாகவே இருக்கும்.

இரண்டாம் படி: எதிரே யார், என்ன மனநிலையில்

'ரெட்டரிக்' மூன்று பகுதிகள் கொண்டது. இரண்டாம் பகுதியின் முன்பாதி முழுவதும் கோபம், சாந்தம், அச்சம், வெட்கம், இரக்கம், பொறாமை என்று உணர்ச்சிகளைப் பற்றித்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேட்கிறார்: எந்த மனநிலையில் இருக்கும்போது இது வருகிறது, யார் மீது வருகிறது, எதனால் வருகிறது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கூட்டத்துக்கு வரப்போகிறவர்களை நினைத்துக்கொண்டு பதில் எழுதிப் பாருங்கள். பாதிப் பேச்சு தயாராகிவிடும்.

அச்சத்தைப் பற்றி அவர் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொலைவில் இருப்பதற்கு யாரும் அஞ்சுவதில்லை. எல்லோருக்கும் சாவு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும், அது பக்கத்தில் இல்லை என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை என்கிறார். அதனால் "எதிர்காலத் தலைமுறைக்குத் தண்ணீர் இருக்காது" என்ற வரி எடுபடாது. "போன மே மாதம் இரண்டு நாள் லாரி வராமல் மூன்றாவது மாடிக்குக் குடம் தூக்கினோமே" என்பது எடுபடும். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: அச்சம்தான் மனிதரை யோசிக்க வைக்கிறது, ஆனால் தப்பிக்க வழியே இல்லை என்று தோன்றினால் யாரும் யோசிப்பதில்லை. ஆகவே பயமுறுத்திய அடுத்த மூச்சில் 700 ரூபாய் என்ற வழியைக் காட்டிவிட வேண்டும். பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு இறங்குபவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

உணர்ச்சியை வைத்து ஏமாற்றலாமா என்று கேட்டால், அவருக்கே அதில் தயக்கம் உண்டு. நடுவரின் கோபத்தையும் பொறாமையையும் கிளறிவிட்டுத் தீர்ப்பு வாங்குவது, அளக்கப் போகும் அளவுகோலையே வளைத்துவிட்டு அளப்பதைப் போன்றது என்று நூலின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

வயதைப் பற்றியும் சொல்கிறார். இளைஞர் நம்பிக்கையில் வாழ்கிறார்கள், முதியவர் நினைவில் வாழ்கிறார்கள். முதியவர் எதையும் அடித்துச் சொல்வதில்லை, 'ஒருவேளை', 'இருக்கலாம்' என்று ஒட்டுப் போட்டுத்தான் பேசுவார்கள். எல்லா முதியவரும் அப்படியா என்றால் இல்லை. எங்கள் வீட்டிலேயே விதிவிலக்கு இருக்கிறது. ஆனாலும் சங்கக் கூட்டத்தின் முன்வரிசையில் நரைத்த தலைகள் அதிகம் என்றால், கிணற்றில் கையால் தண்ணீர் மொண்ட காலத்தைத் தொட்டுப் பேசுவதில் தவறில்லை.

மூன்றாம் படி: சரக்கு

பேச்சில் வைக்கும் வாதத்தைக் கிரேக்கர் லோகோஸ் என்பார்கள். இரண்டு கருவிகள் போதும்: ஒன்று காரணம் காட்டுவது, மற்றது எடுத்துக்காட்டு.

காரணம் காட்டும்போது எல்லாப் படிகளையும் விளக்காதீர்கள். டோரியஸ் என்பவர் மகுடம் பரிசாக உள்ள போட்டியில் வென்றார் என்று நிறுவ வேண்டும் என்றால், "டோரியஸ் ஒலிம்பிக்கில் வென்றார்" என்றாலே போதும், ஒலிம்பிக்கில் பரிசு மகுடம் என்பதை எதற்குச் சொல்ல வேண்டும், எல்லோருக்கும் தெரியுமே என்கிறார் அரிஸ்டாட்டில். இப்படி ஒரு படியைக் கேட்பவரிடமே விட்டுவிடும் வாதத்துக்கு என்திமீம் என்று பெயர். விடுபட்ட படியைக் கேட்பவர் தன் மனதுக்குள் போட்டுக்கொள்கிறார், அதனால் வாதம் அவருடையதாகவும் ஆகிவிடுகிறது. "குழி தூர்ந்திருக்கிறது, அக்டோபர் வருகிறது" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துங்கள். மழைநீர் பூமிக்குள் இறங்காது, நிலத்தடி நீர் ஏறாது, போர்வெல் வற்றும் என்றெல்லாம் வகுப்பெடுக்க வேண்டாம். சென்னைக்காரருக்கு அது தெரியும்.

எடுத்துக்காட்டை எங்கே வைப்பது என்பதற்கும் நடைமுறைக் குறிப்பு தருகிறார். முதலில் வைத்தால் நிறைய வேண்டும், காரணங்களைச் சொல்லிவிட்டுக் கடைசியில் வைத்தால் ஒன்றே போதும், சாட்சி மாதிரி நிற்கும். பக்கத்துத் தெருக் குடியிருப்பில் போன வருடம் தூர்வாரிய கதையைக் கடைசிக்கு எடுத்து வையுங்கள்.

உண்மைச் சம்பவம் இல்லாதபோது கட்டுக்கதையும் உதவும் என்று அவர் தரும் கதை, நீதிக்கதைகளுக்குப் பெயர்போன ஈசாப் சாமோஸ் தீவில் சொன்னதாக வருவது. மக்கள் தலைவர் ஒருவர் உயிர்போகும் வழக்கில் மாட்டியிருக்கிறார். ஈசாப் அவர் சார்பில் பேசுகிறார். ஆற்றைக் கடக்கும்போது பள்ளத்தில் சிக்கிய ஒரு நரியின் உடம்பெல்லாம் உண்ணிகள். முள்ளெலி பார்த்துப் பாவப்பட்டு, எடுத்துவிடட்டுமா என்று கேட்கிறது. வேண்டாம், இவை குடித்து நிறைந்துவிட்டன, இவற்றை எடுத்தால் பசித்த புது உண்ணிகள் வந்து மிச்ச இரத்தத்தையும் குடித்துவிடும் என்கிறது நரி. "சாமோஸ் மக்களே, இவர் ஏற்கனவே செல்வந்தர். இவரைக் கொன்றால் செல்வமில்லாத வேறொருவர் வந்து உங்கள் கருவூலத்தைக் காலி செய்வார்" என்று முடிக்கிறார். ஊழல் வழக்குக்கு இதைவிடத் துணிச்சலான எதிர்வாதத்தை நான் கேட்டதில்லை.

பொன்மொழிகள் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் மேடைகளில் குறள் சொல்லாமல் யாரும் தொடங்குவதில்லை. பொன்மொழி பேசுவது வயதானவர்களுக்கும், அந்த விஷயத்தில் அனுபவப்பட்டவர்களுக்கும்தான் பொருந்தும் என்பது அரிஸ்டாட்டில் கட்சி. அது ஏன் கைதட்டல் வாங்குகிறது என்பதையும் சொல்கிறார்: தனக்கு நேர்ந்ததையே ஒருவர் பொது உண்மையாகச் சொல்லும்போது கேட்பவருக்கு மகிழ்ச்சி. மோசமான அண்டைவீட்டார் வாய்த்தவரிடம் போய் "அண்டைவீட்டாரைவிடப் பெரிய தொல்லை இல்லை" என்றால் தலையாட்டத்தானே செய்வார்? அடுக்குமாடிச் சங்கத்தில் இந்தப் பொன்மொழியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: வரிசை

இது சுருக்கமான படி. ஒரு பேச்சுக்கு இரண்டு பாகங்கள்தான் கட்டாயம் என்கிறார்: விஷயத்தைச் சொல், அதை நிறுவு. மிஞ்சிப் போனால் முன்னுரையும் முடிவுரையும் சேர்த்து நான்கு. முன்னுரையின் முதல் வேலை, பேச்சு எதைப் பற்றியது என்று தெரிவிப்பது. நாமோ மேடையில் வீற்றிருக்கும் ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளித்து முடிப்பதற்குள் பானையில் பாதி நீரை வடித்துவிடுகிறோம். "எல்லோருக்கும் வணக்கம். மழைக்கு முன்னால் குழியைத் தூர்வாருவது பற்றி ஐந்து நிமிடம் பேசப் போகிறேன்." இது போதும்.

முடிவுரையில், சொன்னதை ஒருமுறை நினைவூட்டலாம். அதன்பின் நிறுத்த வேண்டும். 'இறுதியாக ஒன்று' என்பதை மூன்று முறை சொல்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் முதல் முறை சொன்னபோதே கூட்டம் பையைக் கையில் எடுத்துவிட்டது. 'ரெட்டரிக்' நூலின் கடைசி வரி, பேச்சை முடிக்க ஒரு மாதிரி வாக்கியம், கிரேக்கத்தில் நான்கே சொற்கள்: சொன்னேன், கேட்டீர்கள், விஷயம் உங்கள் கையில், தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: நீங்கள்

படத்தின் முதல் கட்டத்துக்கு இப்போதுதான் வருகிறோம். பேசுபவரின் நம்பகத்தன்மையை ஈதோஸ் என்றார்கள். நம்ப வைக்கும் வழிகளில் ஏறக்குறைய மிக வலுவானது இதுதான் என்பது அரிஸ்டாட்டில் கணிப்பு. ஆனால் அது ஏற்கனவே உங்களுக்கு இருக்கும் பெயரைப் பொறுத்து வரக் கூடாது, பேச்சுக்குள்ளிருந்தே பிறக்க வேண்டும் என்கிறார். முதல்முறை பேசுபவருக்கு இதைவிட ஆறுதலான வரி கிடையாது. உங்களை யாருக்கும் தெரியாது என்பது ஒரு குறையே அல்ல.

எதனால் பிறக்கும்? மூன்று விஷயங்களால்: விவரம் தெரிந்தவர், நேர்மையானவர், நம்மேல் அக்கறை உள்ளவர் என்று கேட்பவர் நினைக்க வேண்டும். விவரம் இல்லாதவர் தப்பாகச் சொல்வார். விவரம் இருந்தும் நேர்மை இல்லாதவர் தெரிந்ததை மறைப்பார். இரண்டும் இருந்து அக்கறை இல்லாதவர், நல்ல யோசனையைச் சொல்லாமல் சும்மா இருந்துவிடுவார்.

நம் கூட்டத்தில் இதற்கு என்ன செய்வது? இரண்டு பேரிடம் விலை கேட்டு வந்து தொகையைச் சொல்லுங்கள், விவரம் தெரிந்துவிடும். "தூர்வாரும் இரண்டு நாள் கார் நிறுத்த இடம் இருக்காது" என்று பாதகத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள், நேர்மை தெரிந்துவிடும். தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு லாரித் தண்ணீர்ப் பிரச்சினை குறைவு, அவர்கள் ஏன் பணம் தர வேண்டும் என்ற கேள்வியை நீங்களே எழுப்பிப் பதில் சொன்னால் அக்கறை தெரிந்துவிடும்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். அவையடக்கம் என்ற பெயரில் "எனக்குப் பேசத் தெரியாது, திடீரென்று கூப்பிட்டார்கள், தயார் செய்யவில்லை" என்று ஆரம்பிக்கிறோம். காவியம் பாடிய புலவர் சொன்னால் அது அழகு, அடுத்து அவர் பாடப்போவதே அதைப் பொய்யாக்கிவிடும். நாம் சொன்னால் கேட்பவர் நம்பிவிடுவார். முதல் வாக்கியத்திலேயே விவரம் இல்லாதவர் என்று நம்மை நாமே அறிவித்துக்கொண்டதாக ஆகும். பணிவைக் குரலில் காட்டுங்கள்.

ஆறாம் படி: குரலும் அன்றைய தினமும்

குரலில் கவனிக்க வேண்டியவை மூன்று: அளவு, ஏற்ற இறக்கம், தாளம். வீட்டில் சத்தமாக மூன்று முறை பேசிப் பாருங்கள், கண்ணாலே படிப்பது ஒத்திகை ஆகாது. எழுத்து நடை வேறு, பேச்சு நடை வேறு என்று அரிஸ்டாட்டில் தெளிவாகப் பிரிக்கிறார். தாளில் அசட்டுத்தனமாகத் தெரியும் திரும்பச் சொல்லலும் துண்டு வாக்கியமும் மேடையில் உயிரோடு இருக்கும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, தூரத்திலிருந்து பார்க்கும் ஓவியம் மாதிரி, நுணுக்கங்கள் வீண். 24 வீட்டுக் கூட்டத்தில் கணக்கு விவரம் சொல்லலாம், தெருமுனைக் கூட்டத்தில் சொல்லக் கூடாது.

பேச்சு இயல்பாக இருக்க வேண்டும், செய்து கொண்டுவந்தது என்று தெரிந்துவிட்டால், ஏதோ சூது இருக்கிறது என்று கேட்பவர் உஷாராகிவிடுவார் என்பது அவர் எச்சரிக்கை. அதனால் முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். கையில் ஒரு சிறு அட்டை, அதில் ஐந்தாறு சொற்கள்.

"அன்புகூர்ந்து கவனியுங்கள்" என்று தொடக்கத்தில் கேட்பதில் பொருளில்லை, தொடக்கத்தில் எல்லோரும் கவனிக்கத்தான் செய்கிறார்கள், கவனம் தளர்வது நடுவில்தான் என்கிறார். அங்கே புரோடிகஸ் என்ற ஆசிரியரின் உத்தியைச் சொல்கிறார். கேட்பவர்கள் தூங்கி விழ ஆரம்பித்தால், தம் ஐம்பது டிராக்மா (கிரேக்க நாணயம்) கட்டண விரிவுரையிலிருந்து ஒரு துண்டை நடுவில் போடுவாராம் புரோடிகஸ். உங்கள் ஐம்பது டிராக்மா துண்டு எது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, மூன்றாவது நிமிடத்துக்கு அதை ஒதுக்கி வையுங்கள். குடம் தூக்கிய கதை அதற்குச் சரியாக இருக்கும்.

படத்தில் இல்லாத கட்டம்

பின்னூட்டம் இல்லை என்ற குறை உண்மையானதுதான். 1948இல் அமெரிக்க அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் 'யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு' என்று கேட்டபோதும் அம்புக்குறி ஒரே பக்கம்தான் போனது. திரும்பி வரும் அம்பு பின்னால்தான் சேர்ந்தது. ஆகவே இந்தக் கடைசி வேலையை நீங்களாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி வரும்போது இடைமறிக்காமல் முழுவதும் கேளுங்கள். யாராவது கோபப்பட்டால், அவர் சொல்வதில் நியாயம் இருக்கும் பகுதியை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். தவற்றை ஒப்புக்கொள்பவரிடம் கோபம் தணியும், மறுத்து வாதாடுபவரிடம் ஏறும் என்பதும் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு, நண்பராக இல்லாத ஒருவரிடம் போய், "நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குப் பட்டது?" என்று கேளுங்கள். நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். அவர் சொல்லும் வாக்கியத்தை முதல் படியில் எழுதிய வாக்கியத்துக்குக் கீழே எழுதி, தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த பேச்சுக்கு உட்காரும்போது முதலில் எடுக்க வேண்டியது அந்தத் தாள்.